அரசு ஆஸ்பத்திரியில் எந்த வாசலுக்குப் போவது? ஓய்வுபெற்ற நர்ஸ் எழுதும் வழிகாட்டி

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். இப்போதும் தெருவில் யாருக்காவது முடியவில்லை என்றால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். "சிஸ்டர், இதுக்கு எங்க போறது?" என்பதுதான் எப்போதும் கேட்கும் கேள்வி. என்ன நோய் என்பதை டாக்டர் சொல்லிவிடுவார். எந்த இடத்துக்குப் போவது, எந்தக் கிழமை போவது, என்ன காகிதம் கையில் வேண்டும், வேலை நடக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது, இதெல்லாம் சொல்லத்தான் ஆள் இல்லை. நம் மாநிலத்தில் அரசு மருத்துவம் வலுவாகக் கட்டப்பட்ட ஒன்று. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் தெரியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பலகையைப் படியுங்கள்

அரசு ஆஸ்பத்திரி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள் மூன்று இயக்குநரகங்கள் இருக்கின்றன. மூன்றும் சென்னையில் சுகாதாரத் துறைச் செயலாளருக்குக் கீழே வருபவை. ஆனால் மாவட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தலைமை வேறு, அலுவலகம் வேறு.

கிராமத்தில் இருக்கும் துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை. தடுப்பூசி, கர்ப்பிணி கவனிப்பு, கொசு ஒழிப்பு, காய்ச்சல் பரவினால் ஊருக்குள் வந்து முகாம் போடுவது எல்லாம் இவர்கள் வேலை. மாவட்டத்தில் இவர்களுக்குத் தலைவர் மாவட்ட சுகாதார அலுவலர். நான் வேலையில் இருந்தபோது துணை இயக்குநர் என்போம், பழைய ஆட்கள் இன்னும் "டி.டி. ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள்.

தாலுகா ஆஸ்பத்திரியும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் இவர்களுக்கு இணை இயக்குநர், அதாவது "ஜே.டி.". மூன்றாவது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அது மருத்துவக் கல்வி இயக்குநரகத்தைச் சேர்ந்தது. அங்கே டீன் எனப்படும் முதல்வர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் வரவில்லை என்று ஜே.டி.யிடம் மனு கொடுத்தால், அவர் அதை வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க மட்டும்தான் முடியும். பல மனுக்கள் இப்படி மேசைக்கு மேசை நகர்ந்தே காலம் கழிந்துபோகும். கட்டடத்தின் பலகையில் துறையின் பெயர் எழுதியிருக்கும். அதை ஒரு முறை நின்று படித்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வருவாய் மாவட்டமும் சுகாதார மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. கலெக்டருக்குத் திருவண்ணாமலை ஒரே மாவட்டம். சுகாதாரத் துறைக்கு அது திருவண்ணாமலை, செய்யாறு என்று இரண்டு. வந்தவாசிக்காரர் ஒருவர் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் பற்றிப் பேசத் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, செய்யாறு போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனையும் செய்யாறில்தான் இருக்கிறது. திருவண்ணாமலையில் இருப்பது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரி வந்த பல மாவட்டங்களில் தலைமை மருத்துவமனை இப்படி வேறு ஊருக்குப் போயிருக்கிறது.

பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும், அதற்கென்றே படித்த தனி அதிகாரிகளும் இருப்பது தமிழ்நாட்டின் பெரிய பலம். 1939இல் வந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிணற்றில் குளோரின் போடச் சொல்லவும், கொசு வளரும்படி தண்ணீர் தேக்கி வைத்தவருக்கு நோட்டீஸ் கொடுக்கவும் சுகாதார ஆய்வாளருக்கு அதிகாரம் தருவது அந்தச் சட்டம்தான். தெருவில் சாக்கடை தேங்கிக் காய்ச்சல் பரவினால் பஞ்சாயத்திடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் நர்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒன்று. ஜவ்வாது மலையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், அந்த 3,000 பேர் எத்தனை குக்கிராமங்களில் சிதறிக் கிடப்பார்கள் என்று சொல்வார்கள். கணக்குக்குச் சிறிய எண்ணாக இருந்தாலும் நடந்து போகிறவளுக்கு அது பெரியது.

துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பு கிராம சுகாதார செவிலியர் கையில். இப்போது பல இடங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் ஒருவரும் கூட இருக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதும் சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதும் அங்கேயே நடக்கும்.

கிராம நர்ஸ் நாள் முழுக்க அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று மாதத்துக்கு முன்பே பயணத் திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து "ஆளே இல்லை" என்று திரும்பி வராதீர்கள். அந்தப் பயணத் திட்டத்தைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், அல்லது அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். நர்ஸின் செல் நம்பரை வாங்கி வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். மருமகள் கர்ப்பமானதும் முதலில் தெரிய வேண்டியது, தாத்தாவுக்குத் திடீரென்று கை கால் வராமல் போனால் தெரிய வேண்டியது, மூன்று வாரமாக இருமலோடு இருக்கும் பெரியப்பாவுக்குச் சளி பரிசோதனை எடுக்கச் சொல்ல வேண்டியது எல்லாம் அவரிடம்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர்கள் பகலில் இருப்பார்கள். பிரசவத்துக்காகச் செவிலியர்கள் இரவிலும் முறை போட்டு இருப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 30 படுக்கையோடு மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று உண்டு. வட்டார மருத்துவ அலுவலர் அந்த வட்டாரம் முழுவதற்கும் பொறுப்பு. கிராம நர்ஸ் பதில் சொல்லாவிட்டால் அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

புதன்கிழமை ஏன் சரியான நேரத்துக்கு வரச் சொல்கிறோம்

தடுப்பூசி நாள் புதன். இந்த வேலையில்தான் என் ஆயுளில் பெரும்பகுதி போயிருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கென்று மேலே மூடி திறக்கும் குளிர்பெட்டி இருக்கிறது. காலையும் மாலையும் அதன் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. புதன் காலையில் நான்கு ஐஸ் பாக்கெட் வைத்த சின்னப் பெட்டியில் எடுத்து வைத்து ஊர்களுக்கு அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்து திறந்து மூடினால் குளிர் போய்விடும்.

பி.சி.ஜி. மருந்தும் தட்டம்மை-ரூபெல்லா மருந்தும் பொடியாக வரும். அதோடு வரும் திரவத்தில் கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மிச்சமானால் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். காலை 10 மணிக்கு உடைத்த குப்பியை 2 மணிக்கு மேல் எந்த நர்ஸும் உங்கள் பிள்ளைக்குப் போட மாட்டார், போடவும் கூடாது. "நாலு மணிக்கு வர்றேன் சிஸ்டர், எடுத்து வைங்க" என்று சொல்வது இதனால்தான் முடியாத காரியம்.

நீங்களும் ஒன்று பார்க்கலாம். குப்பியில் ஒரு சின்ன வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சடித்திருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தை விட வெளிர் நிறமாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மருந்து சூடு பட்டுக்கொண்டே போனால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டமும் சதுரமும் ஒரே நிறம் ஆகிவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. "சிஸ்டர், குப்பியைக் காட்டுங்க" என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்ட தாயை நான் மற்றவர்களுக்கும் காட்டிப் பாராட்டியிருக்கிறேன்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிடாதீர்கள். அரிதாக ஏதாவது ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். அதற்கான மருந்து நர்ஸிடம் இருக்கும்.

கர்ப்பம் தெரிந்தவுடன்

நாள் தள்ளிப்போனதும் பதிவு செய்யுங்கள், 12 வாரத்துக்குள். பதிந்தால் ஒரு எண் தருவார்கள். ஊரில் அதை "பிக்மி நம்பர்" என்போம். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க நினைப்பவர்களும் அந்த எண்ணை வாங்கித்தான் ஆக வேண்டும். குழந்தையின் பிறப்பைப் பதியும்போது கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்த எண்தான் ஆதாரம். மொத்தம் 18,000 ரூபாய்; அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். கணக்கு கர்ப்பிணியின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆதாரில் அப்பா பெயர், வங்கியில் கணவர் பெயர் என்று இருந்தால் பணம் நின்றுவிடும். கல்யாணம் ஆனதும் செய்ய வேண்டிய முதல் காகித வேலை இதுதான் என்று பெண்களின் அம்மாக்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

தாய் சேய் நல அட்டையை மடித்துப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், எங்கே போனாலும் கையில் எடுத்துப் போங்கள். ரத்தக் குறைவு, ரத்த அழுத்தம், முதல் பிரசவம் சிசேரியன், இரட்டைக் குழந்தை, மிகச் சிறிய வயது என்று ஏதாவது இருந்தால் நர்ஸ் அதில் சிவப்பு மையால் குறிப்பார். அப்படிக் குறித்த பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். மேலே அனுப்புவார்கள். அங்கே "சீமாங்" என்று ஒரு பிரிவு இருக்கும். இரவு பகல் எந்நேரமும் அறுவை அறை, ரத்தம், மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர், பச்சிளம் குழந்தைக்கான தனிக் கவனிப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதற்காக ஏற்படுத்தியது அது.

மேலே அனுப்புவதை வீட்டுக்காரர்கள் தட்டிக்கழிப்பதாக நினைக்கிறார்கள். "நீங்களே பாத்துடுங்க சிஸ்டர், உங்க கை ராசியான கை" என்பார்கள். அந்த அன்பு எனக்குப் புரியும். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு கை ராசி பார்த்து நிற்காது. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசம் வந்தது, ஏறக்குறைய எல்லாப் பெண்களும் ஆஸ்பத்திரிக்கு வந்து பிரசவிப்பதாலும், ஆபத்து உள்ளவர்களை முன்கூட்டியே பிரித்து மேலே அனுப்புவதாலும்தான். மலை ஊர்ப் பெண்கள் வலி வந்தபின் இறங்கி வரக் கூடாது. தேதிக்குச் சில நாள் முன்பே வந்து தங்குவதற்கு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இடம் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரசவம் முடிந்து வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி இலவசம். ஆட்டோவுக்குக் காசு தேடி நிற்க வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், படுத்த படுக்கை

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. முதல் முறை சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்து மாத்திரை முடிவானால், அதன்பின் மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் ஊர்ப் பெண்ணே ஒருவர் தன்னார்வலராக இருப்பார். ரத்த அழுத்தக் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு வருவார். பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்கு இயன்முறை மருத்துவரும், புற்றுநோய் முற்றியவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் வண்டியில் வருவார்கள். வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகளும் இதே திட்டத்தில் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

மாத்திரை வீட்டுக்கு வருகிறதே என்று டாக்டரைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய தப்பு. சிறுநீரகம், கண், கால் மூன்றையும் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். தன்னார்வலரால் அதைச் செய்ய முடியாது.

பாம்பு, நாய், விபத்து

எங்கள் பக்கம் கரும்பும் நெல்லும் அதிகம். பாம்புக்கடியும் அதிகம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். "அங்க ஒண்ணும் இருக்காது, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று முப்பது, நாற்பது கிலோமீட்டர் வண்டியில் போவதுதான் உயிரை வாங்குகிறது. விஷமுறிவு மருந்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதனால் பாம்பைக் கொன்று பையில் கொண்டுவரும் அவசியமே இல்லை.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் ஒரு நிலை. தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று உடனே மருந்தை ஏற்றத் தொடங்குவார்கள். "சும்மா குழாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று உறவினர்கள் சத்தம் போடும் நேரம் இந்த 20 நிமிடம்தான். தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. வயிறு வலிக்கும், கண் இமை தானாகச் சரியும், பேச்சு குழறும். இரவில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்தால் அதையும் பாம்புக்கடியாக நினைத்து அழைத்து வாருங்கள். முதல் மருந்து ஏறியபின் செயற்கை சுவாசம் தேவைப்படலாம் என்று தோன்றினால், சீட்டு எழுதி 108இல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் தமிழ்நாடு அரசு சேர்த்தது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும், மருந்தும் அந்தக் கணக்குப்படி வரும்.

நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்: முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அன்றைக்கே போங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று 28ஆம் நாள் ஊசியை விடாதீர்கள்.

108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. அழைப்பு சென்னையில் இருக்கும் மையத்துக்குப் போகும். உங்கள் ஊர்க் குறுக்குப்பாதை அவர்களுக்குத் தெரியாது. ஊர்ப் பெயரோடு வட்டத்தின் பெயரையும் பக்கத்து மெயின் ரோட்டையும், கோயிலோ பள்ளியோ தண்ணீர் டேங்கோ எது அடையாளமோ அதையும் சொல்லுங்கள். சொன்னபின் போனை வேறு யாரோடும் பேசாமல் வைத்திருங்கள், ஓட்டுநர் திரும்பக் கூப்பிடுவார். இரவு நேரம் என்றால் ஒருவர் டார்ச்சோடு ரோட்டு முனையில் நிற்க வேண்டும். சேலத்து மாமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கேட்டால் நடக்காது. நோயாளியின் நிலைக்கு ஏற்ற, கிட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள்.

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் இருக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர், வேறு மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். அடிபட்டவரைத் தூக்கப் பயந்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

அவசரப் பிரிவில் வரிசை கிடையாது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிலைமையைப் பார்த்துப் பிரிப்பார்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் எடுத்தால், அவருடைய உயிர் அந்த நிமிடம் கையில் இருக்கிறது என்று பொருள்.

காப்பீட்டு அட்டை, மாத்திரை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் வந்தபின் ஓடாதீர்கள். ஆள் படுக்கையில் கிடக்கும்போது வருமானச் சான்றுக்கு அலைந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் 1800 425 3993.

அரசு ஆஸ்பத்திரியிலேயே எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று கேட்பார்கள். அங்கேயும் காட்டுங்கள். அட்டையில் சேரும் அறுவை சிகிச்சைக்கு அரசு ஆஸ்பத்திரியும் காப்பீட்டிலிருந்து பணம் பெறுகிறது. அந்தப் பணம் அதே ஆஸ்பத்திரியின் கருவிகளுக்கும் பராமரிப்புக்கும் திரும்புகிறது. நீங்கள் அட்டையைக் காட்டினால் அடுத்து அந்தப் படுக்கையில் படுப்பவருக்கும் நன்மை.

மாத்திரை எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் ஏற்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டரில் வாங்கி, வந்த மருந்தின் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, தேறினால்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுகிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு; அதில் உள்ள தொகைக்குள் தனக்கு என்ன தேவையோ அதை மருந்தாளுநர் எடுத்துக்கொள்ளலாம். "கவர்மென்ட் மாத்திரை கேக்காது" என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் மாநிலத்தில் அமைத்துக்கொண்டன. ஒரு மாத்திரை இல்லை என்றால் "எப்ப வரும், அதுவரைக்கும் மாத்து என்ன" என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தால், அதை எழுதியவர் யார் என்று தெரிந்துகொண்டு டாக்டரிடமே திரும்பப் போங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் நகராட்சி அல்லது மாநகராட்சியோடு சேர்ந்தது. 2023 ஜூனிலிருந்து நகர்ப்புற நலவாழ்வு மையங்களும் திறந்திருக்கின்றன. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த மாலை நேரம் பெரிய உதவி.

வேலை நடக்கவில்லை என்றால்

அங்கேயே பேசுங்கள், அன்றைக்கே. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் வட்டார மருத்துவ அலுவலர், அதற்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் அதன் தலைமை மருத்துவர், அதற்கு மேல் இணை இயக்குநர். மருத்துவக் கல்லூரி என்றால் நிலைய மருத்துவ அலுவலர், அதற்கு மேல் முதல்வர். போனில் என்றால் 104; உடல்நல ஆலோசனைக்கும் அதே எண்தான். முதலமைச்சரின் உதவி மையம் 1100. மனசு சரியில்லை என்றால் 14416இல் தமிழிலேயே பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுவர 155377இல் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும். அந்த நேரத்தில் தனியார் வண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

மனு எழுதினால் ஆஸ்பத்திரியின் பெயர், தேதி, நேரம், ஓ.பி. சீட்டு எண் நான்கும் அதில் இருக்க வேண்டும். "எப்பவுமே டாக்டர் இல்லை" என்ற மனுவுக்குப் பதில் எழுதுவது அதிகாரிக்கு எளிது. "இந்தத் தேதியில் காலை 10 மணிக்குச் சீட்டு போட்டோம், 1 மணி வரை டாக்டர் வரவில்லை" என்றால் அவர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நர்ஸ் பணியிடம் காலியாகக் கிடப்பது, துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர் இல்லாதது, கட்டடத்துக்கு வழி இல்லாதது போன்றவற்றை ஒரு ஆள் மனுவாகக் கொடுத்தால் நகர்வது கஷ்டம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். நோட்டில் தீர்மானம் ஏறியபின் அதன் நகலை வாங்கி மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒன்றும் கலெக்டருக்கு ஒன்றும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிராம சுகாதாரம், தூய்மை மற்றும் ஊட்டச்சத்துக் குழு என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு, பஞ்சாயத்துத் தலைவர் அதற்குத் தலைவர், கிராம நர்ஸும் அதில் இருப்பார். அந்தக் குழுவுக்கு வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று கிராம சபையில் கேட்க ஊரில் ஓட்டுள்ள எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. பெண்கள் கேளுங்கள், நான் வேலையில் இருந்தவரை அந்தக் கேள்வியைப் பெண்கள் கேட்ட ஊர்களில்தான் பணம் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.